இதயவழி அதிர்ச்சி: காரணமும் பரிகாரமும்

விழா மலரொன்றுக்குத் தமிழாசிரியர் எழுதும் கட்டுரை, சொல்லிலக்கணத்தைப் பற்றியோ சங்க நூற் சுவையைப் பற்றியோ அமைதலே முறையென அன்பர்கள் எண்ணுவர். வைத்தியம் நாம் கற்ற துறையன்று. பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப் பத்திரமொன்றே நம் கையிலுள்ளது. எனினும், ஒரு சொல்லின் பொருள் தெரியாமையாலும் ஒரு நோயின் குறி தெரியாமையாலும் ஓர் உயிர் ஊசலாடியதை அருகிருந்து கண்ட பின்னர், அதனை விளக்குதல் நம் கடனென்றே துணிந்தோம்.

நிகழ்ந்தது இதுவே. நம்மோடு பல்லாண்டு பணியாற்றிய கணித ஆசிரியர் ஒருவர், வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் வசிப்பவர், ஓர் இரவு பத்து மணியளவில் தொலைபேசியில் நம்மை அழைத்தார். "மாஸ்டர், நெஞ்சிலே ஒரு கல்லை ஏற்றி வைத்தாற்போல இருக்கிறது, இராச் சாப்பாடு சமிக்கவில்லைப் போலும்" என்றார். நாமும் சற்றும் சிந்தியாது, "வாயுவாய் இருக்கும், இஞ்சித் தேநீர் குடித்துவிட்டுப் படுத்திருங்கள், காலையிற் பார்ப்போம்" என்றோம். காலை ஐந்து மணிக்கு அவர் மனைவியாரிடமிருந்து அழைப்பு வந்தது. உடல் பனிக்கட்டிபோற் குளிர்ந்துவிட்டது. வேர்வையால் சட்டை நனைந்துவிட்டது. பேச்சுக் குழறுகின்றது என்றார். வைத்தியசாலையில் அவரைப் பரிசோதித்த இளம் வைத்தியர், மாரடைப்பின் விளைவாக நோயாளி 'அதிர்ச்சி' நிலையை அடைந்துள்ளார் என்று தமிழிலேயே கூறினார். அதனைக் கேட்ட நண்பரின் முதிய தாயார், "என்ன கெட்ட சேதி கேட்டு என் பிள்ளை அதிர்ச்சியடைந்தான்?" என்று நம்மை நோக்கி வினவினார். அவ்வினாவுக்கு அன்று நம்மிடம் விடையில்லை. இக்கட்டுரையே அவ்விடை.

சொல்லும் பொருளும்

வழக்கில் 'அதிர்ச்சி' என்பது எதிர்பாராத செய்தியாலும் காட்சியாலும் உள்ளம் நடுங்குதலைக் குறிக்கும். வைத்திய நூலார் 'ஷொக்' என்னும் சொல்லுக்கு அதனையே நிகராக வழங்குகின்றனர். ஆயினும் அவர் கருதும் பொருள் வேறு. உடலின் உறுப்புகளுக்கு வேண்டிய அளவு குருதி சென்று சேராமையால், அவை ஒட்சிசனின்றி வாடத் தொடங்கும் நிலையே வைத்தியத்தில் அதிர்ச்சி எனப்படும். இஃது உள்ளத்தின் நிலையன்று, குருதியோட்டத்தின் நிலை. அக்குறைபாட்டுக்கு இதயத்தின் தளர்ச்சியே காரணமாயின் அதனை 'இதயவழி அதிர்ச்சி' என்கின்றனர். ஆங்கிலத்தில் 'கார்டியோஜெனிக் ஷொக்' என்பது அதுவே.

வைத்தியத்தைத் தமிழிற் சொல்லுதல் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியப் பணி புரிந்த சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர், மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழிற் பெயர்ப்பித்துத் தமிழிலேயே மாணாக்கருக்குக் கற்பித்தார். அப்பணியின் பயன் சொற்களைப் பெருக்குதல் மட்டுமன்று; நோயாளியின் வீட்டார்க்கு நோயை விளங்கவைத்தலுமாம். அப்பயனை நாம் இன்னும் முற்றப் பெற்றிலோம்.

நீர்ப்பம்பியும் இதயமும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடிகளில் வாழும் அன்பர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. நிலத்தடித் தொட்டியிலிருந்து பம்பி நீரை மேலே ஏற்றுகின்றது. குழாய்கள் அதனை வீடுதோறும் கொண்டு செல்கின்றன. ஒருநாட் காலை உச்சி மாடியிற் குழாய் வறண்டுவிட்டது எனக் கொள்வோம். காரணம் யாது? தொட்டியில் நீர் வற்றியிருக்கலாம். குழாய்கள் வெடித்து நீர் கசியலாம். குழாயின் வழி எங்கேனும் அடைபட்டிருக்கலாம். இவை யாவும் செவ்வையாயிருந்தும் பம்பி தளர்ந்திருக்கலாம். நான்கிலும் காணப்படும் குறி ஒன்றே, வறண்ட குழாய். பரிகாரமோ நான்குக்கும் வெவ்வேறு.

உடலிலும் அவ்வாறே. விபத்தில் மிகுந்த குருதி சிந்துதல் தொட்டி வற்றியதை ஒக்கும். கொழும்பு மக்கள் நன்கறிந்த டெங்குக் காய்ச்சலில், குருதியின் நீர்ப்பகுதி நுண்குழாய்களிலிருந்து கசிந்து வெளியேறுதலால் வரும் அதிர்ச்சி, குழாய் கசிதலை ஒக்கும். சுவாசப்பைக்குச் செல்லும் பெருநாடியிற் கட்டியொன்று சிக்குதல் வழி அடைபடுதலை ஒக்கும். இதயவழி அதிர்ச்சியோ பம்பியே தளர்தலாகும்.

ஈண்டு ஒரு நுட்பம் உணரத்தக்கது. டெங்கு அதிர்ச்சியில் 'சேலைன்' நீரை அளவறிந்து ஏற்றுதலே உயிர் காக்கும். இதயவழி அதிர்ச்சியிலோ, தளர்ந்த பம்பியின்மீது மேலும் நீரைச் சுமத்தினால் அது சுவாசப்பையிற் பின்தேங்கி நோயாளியை மூச்சுத் திணறச் செய்யும். "ஒரு சேலைன் ஏற்றினாற் சரியாகிவிடும்" என்று நம்மவர் சொல்லும் சொல், இந்நோயிற் பெரும்பாலும் கேடாய் முடியும். வலது இதயவறை தாக்குண்டபோது மட்டும் சிறிதளவு நீர் பயன்தருதல் உண்டு. அதனைத் துணிதல் வைத்தியர் தொழில்.

வளர்ந்த ஒருவரின் இதயம், ஓய்ந்திருக்கும்போது, நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லீற்றர் குருதியை வெளியேற்றுகின்றது; நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓரிலட்சம் முறை துடிக்கின்றது. ஏனைய பம்பிகளுக்கில்லாத இயல்பொன்று இதற்குண்டு. இதயத் தசைக்கு வேண்டிய குருதியும் அவ்விதயமே தள்ளும் குருதியிலிருந்து முடியுருநாடிகள் வழியாக வருகின்றது. பெருநாடியில் அமுக்கம் குறைந்தால் முடியுருநாடிகளிலும் குருதி குறையும். தசை மேலும் தளரும். அமுக்கம் மேலும் வீழும். அமுக்கத்தை நிலைநிறுத்த உடல் தன் சிறு நாடிகளை இறுக்கும். அவ்விறுக்கத்தை எதிர்த்துத் தள்ள வேண்டிய இதயத்துக்கோ சுமை கூடும். உதவி செய்யப் புகுந்ததே உபத்திரவமாகின்றது. தன்னைத் தானே விழுங்கும் இச்சுழலே இந்நோயின் கொடுமை. சுழல் இறுகுமுன் அதனை அறுத்தலே சிகிச்சையின் நோக்கம்.

காரணங்கள்

காரணங்களுள் தலையாயது மாரடைப்பு. முடியுருநாடியொன்று கட்டியால் அடைபட, அந்நாடியால் உணவூட்டப்பட்ட தசைப்பகுதி மடியத் தொடங்குகின்றது. இடது இதயவறைத் தசையில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு செயலிழப்பின் அதிர்ச்சி நேரும் என்பது நெடுநாட் கணிப்பு. முன்னர் மாரடைப்புக்கு உள்ளாகி ஒரு பகுதியை இழந்தவர்க்குச் சிறியதோர் அடைப்பும் போதியதாகிவிடும். மாரடைப்பு நோயாளர் நூற்றுவரில் ஐவர் முதற் பதின்மர் வரையானோர் இந்நிலையை அடைகின்றனர்.

சிலவேளைகளில் மடிந்த தசை கிழிதலும் உண்டு. இருகூர் வால்வைத் தாங்கும் தசை அறுந்தால் குருதி பின்னோக்கிப் பாயும். இதயவறைகளின் இடைச்சுவர் துளைபடலாம். வெளிச்சுவரே கிழிந்து இதய உறைக்குள் குருதி நிறையலாம். இவை பெரும்பாலும் மாரடைப்பின் முதல் வாரத்துள் நிகழ்வன. இவற்றுக்கு மருந்து மட்டும் போதாது. பழுதை நேரே சீர்செய்தல் வேண்டும்.

மாரடைப்பல்லாத காரணங்களும் பல. வைரசுக் கிருமிகளால் இதயத்தசை அழலுதல், டெங்குக் காய்ச்சலிலும் அரிதாக இவ்வாறு நேர்தல், மகப்பேற்றை ஒட்டிய காலத்தில் தாய்மாரின் இதயத்தசை தளர்தல், வாதக்காய்ச்சலால் வால்வுகள் பழுதுறுதல், துடிப்பு மிக விரைதலும் மிக மந்தமாதலும் என்பன அவற்றுட் சில. நெடுநாளாக இதயத் தளர்ச்சியுடையோர் திடீரென நலிவுற்று இந்நிலையடைதலும் இக்காலத்திற் பெருகக் காணப்படுகின்றது. கடுந்துயரால் இதயத்தின் ஒரு பகுதி சிலநாள் செயல் குன்றும் நோயொன்றும் உண்டு. யப்பானிய வைத்தியர்கள் பேய்க்கணவாய் பிடிக்கும் பானையின் பெயரால் அதனைத் 'தக்கோட்சுபோ' என்றழைத்தனர். அம்முதிய தாயாரின் வினா முற்றிலும் பொருளற்றதன்று என்பதை நாம் பின்னரே அறிந்தோம்.

தமிழுலகம் அறிந்த ஒரு நிகழ்ச்சி

இந்நோயின் பெயர் தமிழ் மக்களின் காதில் ஓங்கி விழுந்தது 2021ஆம் ஆண்டிலாம். 'சின்னக் கலைவாணர்' எனப் போற்றப்பட்ட நகைச்சுவை நடிகர் விவேக், அவ்வாண்டு ஏப்பிரல் 16ஆம் நாள் காலை நினைவிழந்த நிலையிற் சென்னை வடபழனி சிம்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். இதயத்தின் முன்பக்கத்துக்கு உணவூட்டும் இடப்புறப் பெருங்கிளை முற்றாக அடைபட்டிருந்தது. வைத்தியர்கள் உடனே அஞ்சியோபிளாஸ்டி முறையால் அடைப்பை நீக்கி, 'எக்மோ' கருவியின் துணையையும் அளித்தனர். மாரடைப்பும் இதயவழி அதிர்ச்சியும் என மருத்துவமனையின் அறிக்கை நோயைப் பெயர்சொல்லிக் குறித்தது. மறுநாள், 17ஆம் நாள் விடியற்காலையில், தமது 59ஆம் வயதில் அவர் காலமானார்.

முதல்நாள் அவர் கொரோனாத் தடுப்பூசி இட்டுக்கொண்டமையால் அதுவே காரணமென ஊரெங்கும் பேச்செழுந்தது. சிகிச்சையளித்த வைத்தியர்கள் அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்றனர். நூறு பங்கு அடைபட்ட நாடி ஒருநாளில் உருவாவதன்று. கொழுப்புப் படிவு பல்லாண்டுகளாகச் சுவரில் ஏறி, ஒருநாள் வெடித்து, அதன்மேற் கட்டி உறைவதே வழக்கம். அடைப்பை நீக்கியும், இயந்திரத் துணை அளித்தும் உயிர் நிலைக்காமற் போனமை, இச்சுழல் இறுகியபின் அறுத்தல் எத்துணை அரிதென்பதைக் காட்டுகின்றது.

மயங்கத்தக்க சொற்கள் சிலவற்றையும் ஈண்டுப் பிரித்துரைத்தல் தகும். மாரடைப்பு நாடி அடைபடுதல். இதயத் துடிப்பு நின்றுவிடுதல் வேறு. 2015ஆம் ஆண்டு யூலை 27ஆம் நாள் சில்லோங் நகரில் மாணாக்கர்முன் உரையாற்றிக்கொண்டிருக்கையில் அப்துல் கலாம் அவர்கள் சாய்ந்தமை அவ்வகையினதாகவே அறிவிக்கப்பட்டது. இதயவழி அதிர்ச்சியிலோ இதயம் துடித்துக்கொண்டே இருக்கும், துடித்தும் பயன்தராது. ஆதலின், நாடி பார்த்து, "துடிக்கிறது, பயமில்லை" என்று இருந்துவிடலாகாது.

குறிகள்

வைத்தியர்கள் கொள்ளும் அளவு இது: மேற் குருதியமுக்கம் 90 மில்லிமீற்றர் இரசத்துக்குக் கீழே அரைமணி நேரமாயினும் நிற்றல், அல்லது மருந்தின் வலியால் மட்டும் அதற்குமேல் நிற்றல், அதனோடு உறுப்புகள் குருதியின்றி வாடும் அடையாளங்களும் காணப்படல். குருதியில் இலத்திக்கமிலம் மிகுதல், உறுப்புகள் ஒட்சிசனின்றி உழைப்பதைக் காட்டும்.

வீட்டார் கருவியின்றியே காணத்தக்க குறிகளும் உள. கைகால்கள் குளிர்ந்து வெளிறிக் கசகசத்தல், வேர்வை பெருகுதல், நாடி மெலிந்து விரைதல், மூச்சு வாங்குதல், சிறுநீர் குறைதல், மயக்கம், பிதற்றல், அமைதியின்மை என்பன அவை. நெஞ்சுநோ எல்லார்க்கும் வருவதன்று. நீரிழிவுடையோர்க்கும் முதியோர்க்கும் பெண்களுக்கும் அது இல்லாமலே, களைப்பும் வேர்வையும் குமட்டலும் மட்டும் தோன்றுதல் உண்டு. 'வாயு' என்று நாம் ஒதுக்கும் நோவுகளிற் சில வாயுவல்ல என்பதை நம் நண்பரின் கதையே உணர்த்தும்.

சிகிச்சை

சிகிச்சை முப்பகுதியினது. முதலாவது, அடைபட்ட நாடியைத் திறத்தல். 1977இல் சூரிச் நகரில் கிறுன்சிக் என்னும் வைத்தியர் சிறு பலூனால் முடியுருநாடியை விரித்த நாள்முதல் இவ்வழி வளர்ந்து வந்தது. அதிர்ச்சி நிலையடைந்தோர்க்கு இதன் பயனை நிறுவியது 1999இல் வெளியான, 302 நோயாளரைக் கொண்ட ஆய்வு. முதல் ஒரு மாதத்தில் இரு பிரிவினர்க்கும் வேறுபாடு உறுதியாகத் தென்படவில்லை. ஆறாம் மாதத்திலோ, முதலில் மருந்துகளால் மட்டும் பேணப்பட்டோரில் நூற்றுக்கு 63 பேரும், விரைந்து நாடி திறக்கப்பட்டோரில் நூற்றுக்கு 50 பேரும் இறந்திருந்தனர். நூற்றுக்குப் பதின்மூன்று உயிர்கள் என்பது சிறிதன்று. பல நாடிகள் அடைபட்டிருப்பினும் மாரடைப்பை விளைத்த நாடியை மட்டும் முதலில் திறத்தலே நலமென 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. அஞ்சியோபிளாஸ்டி வசதி உரிய வேளையிற் கிட்டாத இடங்களில் கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்து கைகொடுக்கும்.

இரண்டாவது, அமுக்கத்தைத் தாங்கும் மருந்துகள். நோர் அதிரீனலின் நாடிகளை இறுக்கி அமுக்கத்தை உயர்த்தும். டொபியூற்றமின் போன்றவை தசையின் சுருக்கத்தை வலுப்படுத்தும். முன்னர்ப் பெரிதும் வழங்கிய டோபமின், இந்நோயாளரிடை நோர் அதிரீனலினைவிட மிகுந்த இறப்போடு தொடர்புற்றதென 2010ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. எம்மருந்தும் களைத்த குதிரையைச் சவுக்கால் அடிப்பது போன்றதே. நாடி திறக்கும் வரையில் உயிரைத் தாங்குதற்கு மட்டும் அளவோடு பயன்படும்.

மூன்றாவது, இயந்திரத் துணை. 1960களின் பிற்பகுதியில் வழக்குக்கு வந்த பெருநாடிப் பலூன், அரைநூற்றாண்டாகப் பெரிதும் நம்பப்பட்டது. 2012இல் 600 நோயாளரிடம் ஆராய்ந்தபோது, பலூன் இட்டோரிடையும் இடாதோரிடையும் இறப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 40 என ஒத்தே இருந்தது. குருதியை உடலின் வெளியே எடுத்து ஒட்சிசனூட்டி மீளச் செலுத்துவது 'எக்மோ'. 2016 டிசம்பரில் தமிழக முதலமைச்சர் ஜெயலலிதா அவர்கள் இதயத் துடிப்பு நின்று நோயுற்றபோதும், 2020இல் பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியம் அவர்கள் கொரோனாவால் சுவாசப்பை பழுதுற்றபோதும் நாம் கேட்ட பெயர் இது. மாரடைப்புவழி அதிர்ச்சியில் எல்லார்க்கும் இதனை வழங்குதலால் முப்பது நாளிற் பயனில்லை என்றும், குருதிப்பெருக்குக் கூடுகின்றதென்றும் 2023ஆம் ஆண்டு ஆய்வு அறிவித்தது. மறுவருடம், இதயவறைக்குட் செலுத்தும் சிறு சுழற்பம்பி தக்கோரைத் தெரிந்தெடுத்து வழங்கப்பட்டபோது, ஆறு மாத இறப்பு நூற்றுக்கு 59இலிருந்து 46ஆகக் குறைந்தமை அறியப்பட்டது. அப்பம்பியும் தீங்கற்றதன்று, குருதிப்பெருக்கும் சிறுநீரகக் கேடும் மிகுந்தன. பெருமருந்தென நம்பப்படுவதனையும் அளந்து பார்த்து, பயனில்லையேற் கைவிடும் நேர்மை வைத்தியத்துறைக்கு உண்டு. மாணாக்கர் இதனை மனங்கொள்க.

முடிவு

1967இல் நியூயோர்க் நகர வைத்தியர்கள் கிலிப்பும் கிம்பலும் 250 மாரடைப்பு நோயாளரை நான்கு வகுப்பாகப் பிரித்து ஆராய்ந்தனர். நான்காம் வகுப்பாகிய அதிர்ச்சியடைந்தோரில் நூற்றுக்கு 81 பேர் வைத்தியசாலையிலேயே இறந்தனர். இன்றைய ஆய்வுகளில் அத்தொகை ஏறத்தாழ 40 முதல் 50 வரை உள்ளது. ஐவரில் நால்வர் இறந்த நோயில் இன்று இருவரில் ஒருவரேனும் பிழைக்கின்றார். பிழைத்தோரின் வாழ்வும் பயனற்றதன்று. 1999ஆம் ஆண்டு ஆய்வில் ஓராண்டு கடந்து வாழ்ந்தோருள் ஐவரில் நால்வர்க்கு மேற்பட்டோர், அன்றாடக் கருமங்களைப் பெரிய இடரின்றிச் செய்யத்தக்க நிலையில் இருந்தனர். ஆயினும் மருந்துகளைத் தவறாது உண்ணுதலும், உப்பைக் குறைத்தலும், வைத்தியர் சொன்ன அளவு நடத்தலும், குறித்த நாளிற் சென்று காட்டுதலும் வாழ்நாட் கடமைகளாகும்.

நாம் செய்யத்தக்கன

நெஞ்சில் அமுக்கமோ பாரமோ சில நிமிடங்களுக்கு மேல் நின்றால், அது கைக்கோ தாடைக்கோ பரவினால், வேர்வையும் மூச்சு வாங்கலும் உடன் வந்தால், காலைவரை காத்திருத்தல் ஆகாது. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். இந்திய அரசின் உதவியோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய அச்சேவை பின்னர் நாடெங்கும் பரவியது. நோயாளி தாமே வாகனம் செலுத்துதலும், மாடிப்படிகளில் நடந்து இறங்குதலும் தவிர்க்கத்தக்கன. அயலவரின் நாக்கடி மாத்திரையை வாங்கிக் கொடுத்தல் கூடாது. குருதியமுக்கம் வீழ்ந்திருப்பின் அது மேலும் வீழ்த்தும். உணவும் தேநீரும் வேண்டா. ஆஸ்பிரின் கொடுப்பதாயின், அழைப்பை ஏற்றவர் கேட்டறிந்து சொல்லும்படி செய்க. நோவு தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுக. வைத்தியர் முதலிற் கேட்பது அதுவே. நோய் வருமுன் காத்தலோ புகையிலையை விடுதல், நீரிழிவையும் குருதியமுக்கத்தையும் கொழுப்பையும் அளந்து அடக்குதல் என்பவற்றில் அடங்கும்.

நம் நண்பர் பிழைத்தார். அடைப்பு நீக்கப்பட்டு, பன்னிரண்டு நாள் வைத்தியசாலையிற் கிடந்து வீடு சேர்ந்தார். இன்று மூன்றாம் மாடிக்கு ஏறுகையில் ஒவ்வொரு மாடியிலும் சற்று நின்று, கைப்பிடியைப் பற்றி மூச்செடுத்தே ஏறுகின்றார். பத்து மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே கழிந்த ஏழு மணி நேரத்தை அவர் நம்மிடம் ஒருநாளும் சுட்டிக்காட்டியதில்லை. நாமே ஒருமுறை அப்பேச்சை எடுத்தபோது, "மாஸ்டர், பிழையான விடைக்குப் பின்னால் வழியைத் திருத்தி எழுத வேண்டும், அவ்வளவுதான்" என்றார். கணித ஆசிரியரின் சொல்லை ஏற்று, நாம் திருத்தி எழுதிய வழி இக்கட்டுரை. பழைய மாணவர்களே, உங்களுள் ஒருவர் நள்ளிரவில் ஒரு நண்பரின் குரலைக் கேட்க நேரின், 'வாயு' என்று சொல்லுமுன் 1990ஐ நினைவுகூர்வீராக.